11 ஏக்கர் நிலத்து வேலைகளுக்கு யூ.டி.வி. வாங்கலாமா?

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். பென்சில்வேனியாவில் சரிவான 11 ஏக்கர் நிலத்தில் வசிக்கும் நாங்கள், விறகு ஏற்றுவது, வேலிக் கம்பங்களைக் கொண்டுசெல்வது, குளிர்காலத்தில் நீண்ட வாசல்பாதையில் பனியை ஒதுக்குவது ஆகிய வேலைகளுக்காக ஒரு யூ.டி.வி. (மேடுபள்ளத்தில் ஓடும், பின்னால் சரக்குப் பெட்டி உள்ள சிறு வேலை வண்டி) வாங்குவதா வேண்டாமா என்று யோசித்து வருகிறோம்.

இவற்றில் பெரிய வேலை விறகுதான். ஆஷ் மரங்களைத் துளைக்கும் பச்சை வண்டு இங்கே பரவியதால் மரங்கள் பட்டுப்போய் நிற்கின்றன. பட்டையை உரித்தால் புழுக்கள் அரித்த நெளிநெளியான தடங்கள் தெரிகின்றன, பார்க்கவே மனம் வலிக்கிறது. வெட்டி அடுக்கினால், 128 கன அடி கொண்ட ஒரு கார்டு விறகே 3,000 பவுண்டுக்கு மேல் எடை வரும். எங்களிடம் உள்ள புல்வெட்டும் டிராக்டர் ஈரச் சரிவில் வழுக்குவதால், பின்னால் இழுவை வண்டியை மாட்டிக்கொண்டு பாரத்தோடு இறங்க அச்சமாக இருக்கிறது.

குபோட்டா நிறுவனத்தின் ஆர்.டி.வி. எக்ஸ்1100சி என்ற யூ.டி.வி. டீசலில் ஓடுவதோடு, எஞ்சின் விசையைச் சக்கரங்களுக்குப் பெல்ட் மூலம் கடத்தாமல் எண்ணெய் அழுத்தத்தால் கடத்தும் ஹைட்ரோஸ்டேட்டிக் முறையில் இயங்குவதால், இறக்கத்தில் நிதானமாக வருவதற்கு ஏற்றது என்று எனக்குப் படுகிறது. ஆனால் அந்த விலைக்கு, முன்பக்க லோடர் (பாரத்தை அள்ளித் தூக்கும் வாளி) பொருத்திய பழைய சிறு டிராக்டரே கிடைத்துவிடும் என்பதுதான் என் தயக்கம்.

சரிவு நிலத்தில் பெல்ட் வண்டி ஓட்டுபவர்களுக்கு அந்தப் பெல்ட் எவ்வளவு காலம் உழைக்கிறது? பழைய வண்டி வாங்கினால் எவற்றைச் சோதிக்க வேண்டும்? டிராக்டரும் யூ.டி.வி.யும் வைத்திருப்பவர்கள், ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் எதை வைத்துக்கொள்வீர்கள் என்பதைக் காரணத்துடன் எழுதினால் மிகவும் உதவியாக இருக்கும்.