வாய் நாற்றம்: டான்சில் கல்லுக்கு என்ன வழி?

வணக்கம். இரண்டு வேளையும் பல் துலக்கி, நாக்கு வழித்து, ஃபிளாஸ் (பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூல்) போட்டும் வாய் நாற்றம் போகாத ஒருவருக்காகக் கேட்கிறேன். ஈறு, சொத்தை இரண்டிலும் கோளாறில்லை என்றுவிட்டார் பல் டாக்டர். வாயை மூடி மூக்கால் விடும் மூச்சில் வாடை இல்லை. அதனால் சைனஸ் மேல் சந்தேகம் குறைவு. டான்சில் குழிகளில் அரிசி நொய் மாதிரி வெள்ளைத் துணுக்குகள்; இவைதான் டான்சில் கல். நசுக்கினால் குடலைப் புரட்டும்!

குளோர்ஹெக்சிடின் (கிருமிகொல்லி மவுத்வாஷ்) 0.2%, வேளைக்கு 10 மி.லி., இரண்டு வாரம் கொப்பளித்தாயிற்று. பல்லில் கறை ஏறியதுதான் மிச்சம். மருந்து குழிக்குள் இறங்குவதில்லையே. இப்போது ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு, சாப்பிட்டதும்.

குச்சியால் நோண்டச் சொல்லாதீர்கள், ரத்தம் வரும். ஊசியில்லாத சிரிஞ்சால் நீர் பீய்ச்சி எடுத்தவர்கள் உண்டா? குமட்டாமல் எப்படிச் செய்தீர்கள்? டான்சிலையே எடுக்கும் யோசனை எப்போது வந்தது?