‘வாறது கஷ்டம்’ என்றால் வருவாரா, வரமாட்டாரா? கந்தோர் வட்ஸ்அப் குழுவில் எந்த மொழி?

வாவிக்கரை:
எங்கள் கந்தோர் அம்பாறை நகரத்தில். 15 பேர் வேலை செய்கிறோம். சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் மூன்று பகுதியும் உண்டு. மேலாளர் கண்டிப் பக்கத்துச் சிங்களவர், நல்ல மனிசன். போன மாதம் “இனிக் குழுவில் ஆங்கிலம் மட்டும்தான்” என்றார். யாருக்கும் பக்கச்சார்பு வரக்கூடாதாம்.

அதற்குப் பிறகு ஒரு அடைமழை நாள். காரைதீவிலிருந்து வரும் வெளிக்கள அக்கா காலையில் போட்டது இது: “மாவடிப்பள்ளி ரோட் வாட்டர். கமிங் டிபிகல்ட் சேர்.” சேரும் “ஓகே, டேக் கேர்” என்று போட்டார். 10 மணிக் கூட்டத்தில் அவவின் கதிரை வெறுமையாக இருக்க, சேர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ‘அறிவிக்காமல் வரவில்லை’ என்று பதிவாகிவிட்டது. அடுத்த நாள் அக்கா அழாக்குறை. “வாறது கஷ்டம் எண்டு சொன்னனான்தானே, இதுக்கு மேல என்ன சொல்ற?”

நாங்கள் கஷ்டம் என்றால் வரமாட்டோம். சேர் வாசித்த ஆங்கிலத்தில், கஷ்டப்பட்டாவது வருவார். இந்த விதி சரியா?

நேர்கோடு:
விதி சரி. அக்கா எழுதியதுதான் பிழை. முந்தி நான் வேலை செய்த இடத்தில் குழு முழுக்கச் சிங்களம். என்ன ஏதென்று விளங்காமல் 9 மாதம் கட்டைவிரல் படம் போட்டே காலம் தள்ளினேன். ஆங்கிலம் என்றால் எல்லாருமே நொண்டுவோம், ஒரே மாதிரி நொண்டுவோம். 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியபோது ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்று வைத்தது சும்மாவா?

வம்மிப்பூ:
ஒரே மாதிரி நொண்டுகிறோமா? கொழும்பில் படித்தவர் ஓடுகிறார். திருக்கோவிலில் படித்த பிள்ளை “ஓகே சேர்” என்பதோடு முடித்துக்கொள்கிறது. அந்த அக்காவைத் தமிழில் எழுத விட்டிருந்தால் “தாம்போதிக்கு மேலால தண்ணி போகுது, பஸ்ஸும் இல்ல, நாளைக்குப் பார்ப்பம்” என்று முழுக்கதையும் வந்திருக்கும்.

இன்னொன்று. அதையே சிங்களத்தில் “என்ன அமாருய் சேர்” என்று சொல்லியிருந்தால் (எங்கள் ‘என்ன’ இல்லை, அவர்களுடைய ‘என்ன’, வருவதற்கு; ‘அமாருய்’ என்றால் கஷ்டம்) அவருக்கு அந்த நிமிசமே விளங்கியிருக்கும். சிங்களவரும் ‘அமாருய்’ என்றுதான் மரியாதையாக மறுப்பார்கள். நாங்கள் ‘பார்ப்பம்’ என்று நழுவுகிற இடத்தில் அவர்கள் ‘பலமு’ என்று நழுவுவார்கள். இரண்டு பேருக்கும் ஒரே பழக்கம். நடுவில் ஆங்கிலத்தைக் கொண்டுவந்து வைத்துத்தான் கெட்டது.

நேர்கோடு:
அப்ப எல்லாரும் சிங்களம் படிக்கவா? அதற்கும் சட்டம் வந்தது. 07/2007 அரச நிர்வாகச் சுற்றறிக்கைப்படி 2007 ஜூலை 1க்குப் பிறகு அரச சேவையில் சேர்ந்தவர்கள் 5 வருடத்துக்குள் மற்ற அரச கரும மொழியில் தேர்ச்சி எடுக்க வேண்டும் என்று இருந்தது. பரீட்சையில் பாஸ் பண்ணியவர்கள் எத்தனையோ பேர். கவுண்டரில் அதைப் பேசுகிறவர்களை எண்ணிப் பாருங்கள்.

மூணுபாஷை:
உங்கள் எல்லாருடைய கந்தோரிலும் ஒரு ஆள் இருப்பார். எங்கள் கந்தோரில் அது நான். சம்மாந்துறை, தமிழ் வீட்டுப் பாஷை, சிங்களம் கடையில் நின்று பழகியது. கடிதம் வந்தால் “தம்பி, இதை ஒருக்காப் பாருங்க.” கூட்டத்தில் யாராவது முறைத்தால் “மல்லி (சிங்களத்தில் தம்பி), அவர் என்ன சொல்றார்?” வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகச் செருப்பைப் போடுகிற நேரம்தான் எனக்குக் கூடுதலாக அழைப்பு வரும். என் வேலைப் பட்டியலில் மொழிபெயர்ப்பு என்று ஒரு வரி கிடையாது, சம்பளத்திலும் கிடையாது. பிழைத்தால் மட்டும் “நீதானே சொன்னாய்.”

மற்றது, பாஷை தெரிந்தால் எல்லாம் சரி என்றும் நினைக்காதீர்கள். கண்டிப் பக்கத்து முஸ்லிம் பொடியன் ஒருவன் “தாத்தாவுக்கு ஒப்பரேசன்” என்று லீவு கேட்டான். தமிழ்க் கிளாக் பாட்டனார் என்று நினைத்து “வயசு போனவர்தானே” என்றார். சிங்கள அதிகாரி தகப்பன் என்று நினைத்து ஒரு கிழமை லீவு கொடுத்தார். அவன் சொன்னது மூத்த சகோதரியை! மூன்று பேரும் தங்கள் தங்கள் பாஷையில் சரியாகத்தான் விளங்கிக்கொண்டார்கள்.

வாவிக்கரை:
தாத்தா கதைக்குக் கந்தோரில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். எங்களிடமும் ஒரு ‘மூணுபாஷை’ இருக்கிறார். அன்றைக்கு அவர் லீவு. இப்போதுதான் யோசிக்கிறேன், அவர் இருந்திருந்தால் அக்காவின் செய்தியைப் பார்த்ததும் சேரிடம் போய்ச் சொல்லியிருப்பார். நானும் பார்த்தேன், எனக்கும் விளங்கியது. சும்மா இருந்துவிட்டேன்.

வம்மிப்பூ:
அதைச் சேரிடம் போய்ச் சொல்லி அந்தப் பதிவை மாற்றப் பாருங்கள் முதலில். விதியைப் பிறகு பேசலாம்.

நேர்கோடு:
சொல்லட்டும், அது நியாயம். என் கட்சி இன்னும் ஆங்கிலம்தான். ஆனால் ‘டிபிகல்ட்’ எழுதமாட்டேன், ‘நாட் கமிங்’ என்று நேராகவே போடுவேன்.

மூணுபாஷை:
சேருக்கு “நாட் கமிங்” என்று மட்டும் போட்டுப் பாருங்கள். மறுகா என்னைத்தான் கூப்பிடுவார், “மல்லி, இவருக்கு என்ன கோபம்?” என்று.