பிரசங்கியார் விசுவாசத்தை விட்டுவிட்டார்: இரட்சிப்பை இழந்தாரா, பெறவே இல்லையா?

கடுகுவிதை:
எங்கள் சபையில் பதினைந்து வருடம் பிரசங்கம் செய்த ஒருவர் போன வருடம் "எனக்கு இனி விசுவாசம் இல்லை" என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டார். சண்டை இல்லை, பணத் தகராறும் இல்லை. "அவர் ஒருநாளும் இரட்சிக்கப்பட்டவரே இல்லை" என்கிறார்கள் மூப்பர்கள். பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் என் மாமாவோ "இருந்தது, இழந்துவிட்டார்" என்கிறார். எது சரி? தெருவில் பார்த்தால் அவரைப் பிரதர் என்று கூப்பிடலாமா என்றுகூடத் தெரியவில்லை.

உப்புக்கல்:
மூப்பர்கள் சொன்னதே சரி. யோவான் 10:28-ல் தம் ஆடுகள் "ஒருக்காலும் கெட்டுப்போவதில்லை" என்கிறார் ஆண்டவர். பிரிந்து போனவர்களைப் பற்றி 1 யோவான் 2:19 நேராகவே பேசுகிறது: நம்முடையவர்களாக இருந்திருந்தால் நம்மோடு நிலைத்திருப்பார்கள். எபேசியர் 1:14 ஆவியானவரை அச்சாரம் என்கிறது. நிலம் வாங்குகிறவன் பின்வாங்கினால் கொடுத்த அச்சாரம் போய்விடும். தேவன் தம் ஆவியையே அச்சாரமாக வைத்திருக்கிறார். அவர் பின்வாங்குவாரா?

பின்மாரி:
வாங்குகிறவர் பின்வாங்கமாட்டார், சரி. பத்திரப்பதிவு அன்றைக்கு விற்கிறவன் வராமல் போனதை நாம் பார்த்ததில்லையா? எபிரெயர் 6:4-6 படியுங்கள். பிரகாசிப்பிக்கப்பட்டவர்கள், பரம ஈவை ருசிபார்த்தவர்கள், ஆவியைப் பெற்றவர்கள், அப்புறம் மறுதலித்துப்போனவர்கள். இவ்வளவும் இரட்சிக்கப்படாதவனுக்கு நடக்குமா?

உப்புக்கல்:
நாம் விற்கிறவர்கள் இல்லை பிரதர், நாம்தான் நிலம். நிலம் எழுந்து ஓடாது.

பின்மாரி:
ஓடாது. ஆனால் அதே அதிகாரத்தில் அடுத்த இரண்டு வசனத்தையும் பாருங்கள். மழையைக் குடித்த நிலம் முள்ளை முளைப்பித்தால் அதன் முடிவு சுட்டெரிக்கப்படுவது. உதாரணத்தை நீங்கள்தான் எடுத்துக் கொடுத்தீர்கள்! அதோடு, எது செய்தாலும் பரலோகம் உறுதி என்று சொல்வது பாவம் செய்ய லைசென்ஸ் கொடுப்பது.

உப்புக்கல்:
நிலத்தில் மாட்டிக்கொண்டேன், ஒத்துக்கொள்கிறேன். லைசென்ஸ் பேச்சு மட்டும் நியாயமில்லை. 1618-19-ல் நெதர்லாந்தின் டார்ட் நகரில் கூடிய சபை மாநாடுதான், மெய்யான விசுவாசி இரட்சிப்பை இழக்கமாட்டான் என்ற இந்தக் கோட்பாட்டை வரையறுத்தது. விசுவாசி கொடிய பாவத்தில் விழக்கூடும் என்று அதுவே சொல்கிறது. தாவீதையும் பேதுருவையும் பெயர் சொல்லிக் காட்டுகிறது. விழுந்தவன் தேவதயவின் உணர்வையே கொஞ்ச காலம் இழந்து தவிப்பான் என்றும் சொல்கிறது. ஆனால் முற்றிலும் விழமாட்டான். இன்னொன்று: எதிர்த்தரப்பார் 1610-ல் கொடுத்த ஐந்து அம்ச மனுவே "இழக்கலாம்" என்று அடித்துச் சொல்லவில்லை; வேதத்தை இன்னும் ஆராய வேண்டும் என்றுதான் நிறுத்தியது.

கோயில்பிள்ளை:
கத்தோலிக்கன் நுழையலாமா? எங்களுக்கு இது 1547-ல் திரெந்து சங்கத்திலேயே, அதாவது எங்கள் ஆயர்களின் பொதுச்சங்கத்திலேயே, முடிந்த விஷயம். சாவான பாவத்தால், அதாவது தெரிந்தே செய்யும் கனமான பாவத்தால், அருள் போகும். குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தால் திரும்பக் கிடைக்கும். என் கேள்வி பின்மாரிக்கு. எபிரெயர் 6 இழந்தவர்களைப் பற்றியது என்றால், அவர்களை மறுபடி புதுப்பிப்பது "கூடாதகாரியம்" என்றும் அதுவே சொல்கிறதே. அப்படியானால் பின்வாங்கிப் போனவர்களை வாரந்தோறும் முன்னால் வரச்சொல்லி ஏன் ஜெபிக்கிறீர்கள்? 250-ல் ரோமப் பேரரசன் டீசியஸ் தெய்வங்களுக்குப் பலியிடச் சொன்னபோது கிறிஸ்தவர்கள் பலர் பலியிட்டு விழுந்தார்கள். தவம் செய்தால் சேர்த்துக்கொள்ளலாம் என்றார் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான். கூடவே கூடாது என்றார் ரோமில் இருந்த குரு நொவாசியன். அவருடைய வழி வந்தவர்கள் பிடித்துக்கொண்டது இதே எபிரெயர் 6. கல்நெஞ்சம்தான், ஆனால் வசனத்தைப் பாதியில் வெட்டவில்லை.

பின்மாரி:
மனந்திரும்பி வருகிறவன் இன்னும் முழுதாக மறுதலித்துப் போகவில்லை என்றே நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

கோயில்பிள்ளை:
அட, முடிவைப் பார்த்துவிட்டு ஆரம்பத்தைத் தீர்மானிக்கிறீர்கள். உப்புக்கல் செய்வதும் இதைத்தானே!

பழைய ஏடு:
சண்டைக்கு நடுவே ஒரு மொழிபெயர்ப்பு விஷயம். எபிரெயர் 3:14-ல் நம் தமிழ் வேதாகமம் "பங்குள்ளவர்களாயிருப்போம்" என்று எதிர்காலத்தில் சொல்கிறது. கிரேக்கத்தில் அது முடிந்த வினை: முடிவுவரை பற்றிக்கொண்டால், ஏற்கெனவே பங்குள்ளவர்களாகிவிட்டோம் என்று பொருள். நிலைத்திருப்பது பங்கைச் சம்பாதிப்பதில்லை, இருந்த பங்கைக் காட்டுகிறது. இது உப்புக்கல் பக்கம். ஆனால் 6:4-ல் நாம் "ஆவியைப் பெற்றும்" என்று படிக்கும் இடத்திலும் கிரேக்கத்தில் அதே "பங்குள்ளவர்கள்" என்ற சொல்தான். 3:14-ல் அது உண்மையான பங்கு, 6:4-ல் வெறும் ஒட்டுதல் என்று ஒருவர் சொன்னால் எனக்கு உறுத்துகிறது.

உப்புக்கல்:
6:9-ல் "உங்களிடத்தில் இரட்சிப்புக்குரிய காரியங்கள் உண்டு" என்கிற பொருளில் எழுதுகிறாரே, அதனால் முந்தினவர்கள் வேறு ஆட்கள். ஆனால் அந்தச் சொல்லை யோசிக்க வேண்டும்.

கடுகுவிதை:
நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. நேற்று அவரை டீக்கடையில் பார்த்தேன். வாய் தானாகவே "பிரதர்" என்றது. "சொல்லுங்க பிரதர்" என்றார். என்ன பேசுவதென்று தெரியாமல் 3:14 வினையைப் பற்றிக் கேட்டேன். எங்கள் சபையில் கிரேக்கம் படித்தது அவர் ஒருவர்தான். "முடிந்த வினைதான். நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருக்கிறேன், நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள்" என்றார். டீக்கும் அவரே காசு கொடுத்தார்.