பள்ளியில் நிறத்தைச் சொல்லிக் கேலி செய்தால்: வெளிநாட்டுக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

"என்னோட யாரும் விளையாட வரல" என்று பிள்ளை சொன்னதும், மொழி தெரியாததுதான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பேச்சு மொழி ஓரிரு ஆண்டுகளில் பழகிவிடும். நிறத்தைச் சொல்லிக் கேலி செய்வது, பெயரை வேண்டுமென்றே சிதைப்பது, பேசும் விதத்தைப் பழித்துக் காட்டுவது, குழு பிரிக்கையில் யாருமே சேர்த்துக்கொள்ளாதது எல்லாம் வேறு விஷயம். என்ன நடந்தது என்று கேளுங்கள். உட்காரவைத்து விசாரித்தால் வாயைத் திறக்க மாட்டார்கள். சேர்ந்து நடந்து வரும்போது தானாகவே சொல்வார்கள்.

நம்மில் பலர் உடனே சொல்வது: "கண்டுக்காதே, நல்லாப் படிச்சுக் காட்டு." நல்ல எண்ணம்தான். ஆனால் பொறுத்துக்கொள்வது தன் வேலை என்றுதான் பிள்ளை எடுத்துக்கொள்ளும். முதலில், "அவங்க சொன்னது தப்பு, உன்கிட்ட ஒரு குறையும் இல்ல" என்று தெளிவாகச் சொல்லுங்கள். 1940களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியலாளர் தம்பதியர் 3 முதல் 7 வயது வரையிலான கறுப்பினக் குழந்தைகளிடம், நிறம் மட்டும் வேறான பொம்மைகளைக் காட்டி எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். வெள்ளைதான் உயர்வு என்ற எண்ணம் அவ்வளவு சின்ன வயதிலேயே மனதில் இறங்கிவிடுகிறது. அதனால் "நான் ஏன் வெள்ளையா இல்ல?" என்று உங்கள் பிள்ளை கேட்டால், சிரித்துக் கடந்துவிடாதீர்கள்.

நட்புக்கு வருவோம். ஒரே வகுப்பில் இருப்பதாலேயே நட்பு வந்துவிடாது. சமமான இடமும் பொதுவான இலக்கும் கூட்டு வேலையும் பெரியவர்களின் ஆதரவும் இருந்தால்தான் பழகப் பழக வெறுப்பு குறையும் என்று உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954இல் எழுதினார். 1971இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் இனங்களுக்கிடையே மோதல் வந்தபோது, எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் ஒரு வழி கண்டார். பாடத்தைத் துண்டுகளாக்கிக் குழுவில் ஆளுக்கு ஒன்று கொடுத்தார். மற்றவன் சொல்வதைக் கேட்காமல் யாராலும் முழுப் பாடத்தையும் படிக்க முடியாது. கேலி செய்தவர்களே கவனித்துக் கேட்கத் தொடங்கினார்கள்.

இதை நாமும் செய்யலாம். கால்பந்து, நாடகம், இசைக்குழு என்று உங்கள் பிள்ளை இல்லாவிட்டால் வேலை நடக்காத ஒன்றில் சேர்த்துவிடுங்கள். குழு வேலையில் யாரோடு சேர்த்தால் ஒத்துப்போகும் என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும். பெரிய விருந்தெல்லாம் வேண்டாம். ஒரே ஒரு பிள்ளையை ஒரு மாலை விளையாடக் கூப்பிடுங்கள், பெற்றோரையும் சேர்த்து. வகுப்பு முழுக்கப் பிடித்துப்போக வேண்டியதில்லை, கூட நிற்க ஒருவர் கிடைத்தாலே பிள்ளைக்குத் தெம்பு வரும்.

கேலி தொடர்ந்தால் பள்ளிக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள்: தேதி, இடம், சொன்ன வார்த்தைகள் அப்படியே, பார்த்தவர்கள், பள்ளி என்ன செய்யப் போகிறது என்ற கேள்வி. வாய்ப்பேச்சு பதிவில் நிற்காது. பிரிட்டனில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், ஆஸ்திரேலியாவில் 1975ஆம் ஆண்டின் இனப்பாகுபாட்டுச் சட்டம், அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டம் என்று சட்டப் பாதுகாப்பும் உண்டு. கேலி செய்த பிள்ளையையோ அதன் பெற்றோரையோ வாசலில் மறித்துச் சண்டை போட வேண்டாம், அது உங்கள் பிள்ளையைத்தான் இன்னும் தனிமைப்படுத்தும்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். வேறு இனத்தவரைப் பற்றி வீட்டில் நாம் பேசுவதும் பிள்ளைகள் காதில் விழுகிறது. நம் பிள்ளையே ஒரு கறுப்பினப் பிள்ளையையோ வேறு மதப் பிள்ளையையோ ஒதுக்குவது நடக்கிற விஷயம்தான். "அவங்கல்லாம் அப்படித்தான்" என்று ஒரு நாள் சொன்னால் திட்டாதீர்கள். "யார் சொன்னா? நீ அவனோட பேசிப் பார்த்தியா?" என்று கேளுங்கள். அப்புறம், அடுத்த முறை விளையாட அவனையே கூப்பிடுங்கள்.