ட்ரியாஜ்: தரம்பிரிப்பா, முறைபிரிப்பா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

அடிபட்டவர்களில் யாரை முதலில் கவனிப்பது என்று பார்த்துப் பிரிப்பதுதான் ‘ட்ரியாஜ்’. பேரிடர் மீட்புக் கையேட்டின் தமிழ் வரைவில் இது ஒவ்வொரு பக்கத்திலும் ஒவ்வொரு பெயரில் வருகிறது. ஓரிடத்தில் ‘வகைப்படுத்தல்’, அடுத்த பக்கத்தில் ‘முன்னுரிமை’, ஒரு படத்தின் கீழே ‘மும்மைப்பிரிப்பு’. அச்சுக்குப் போகுமுன் ஒரே சொல்லாக்கியாக வேண்டும்.

கடைசிச் சொல்லை உடனே நீக்கிவிடலாம். ‘ட்ரியாஜ்’ என்பதன் முதலெழுத்துகளுக்கும் மூன்று என்ற எண்ணுக்கும் உறவில்லை. ‘ட்ரியே’ என்ற பிரெஞ்சு வினைக்குப் பொறுக்கிப் பிரிப்பது என்று பொருள். ஆங்கிலத்தில் 18ஆம் நூற்றாண்டிலேயே கம்பளி மயிரைப் பிரிக்கும் வேலைக்கு இந்தச் சொல் வந்துவிட்டது. பிறகு காப்பி வணிகத்தில், நல்ல கொட்டைகளைப் பொறுக்கியபின் மிஞ்சும் உடைசலுக்கும் இதுவே பெயர். மருத்துவத்தில் வேரூன்றியது முதல் உலகப்போரில், பிரெஞ்சுப் படையின் சிகிச்சை நிலையங்கள் வழியாக. செயல் அதைவிடப் பழையது. பதவியும் நாடும் பாராமல் காயத்தின் கடுமையை மட்டும் பார்த்து ஆளை எடுக்க வேண்டும் என்ற நெறியை நெப்போலியனின் படை மருத்துவர் லார்ரே (1766–1842) வகுத்தார்.

அப்படியே ஒலிபெயர்த்து வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். ஆம்புலன்ஸும் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலம் வாங்கிய சொல்தான், நம்மிடம் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் அது பொருளின் பெயர். இது ஒரு செயல். வினையாக்கினால் ‘ட்ரியாஜ் பண்ணினார்’ என்றுதான் எழுத வேண்டும். எழுத்துக்கூட்டலும் ட்ரியாஜ், ட்ரையாஜ், ட்ரையேஜ் என்று மூன்று விதமாகக் கிடக்கிறது. இறுதியில் வரும் பிரெஞ்சு ஒலிக்கு நம்மிடம் எழுத்தும் இல்லை.

மிளகாய், பருத்திக் கிடங்குகளில் புழங்கும் ‘தரம்பிரிப்பு’ பொருத்தமாகப் படுகிறது. எல்லோருக்கும் தெரிந்த சொல், வினையாகவும் வரும். உங்கள் கருத்து?

•

மறுமடல்

வணக்கம். ‘தரம்பிரிப்பு’ கூடாது என்பது மருத்துவராக என் உறுதியான கருத்து. பருத்தியில் தரம் என்பது பருத்தியின் குணம். இங்கே அடிபட்டவரின் குணம் எதுவும் அளக்கப்படுவதில்லை. ‘உங்கள் அப்பாவை இரண்டாம் தரத்தில் பிரித்திருக்கிறோம்’ என்று சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்று ஒரு செவிலியர் சொல்ல முடியுமா? சண்டைதான் வரும். அந்தக் கோபம் நியாயமும் கூட.

நடப்பது என்ன என்பதைப் பார்த்துச் சொல்லைத் தேடுவோம். உங்கள் கையேடு பின்பற்றும் ‘ஸ்டார்ட்’ முறை 1983இல் கலிபோர்னியாவின் நியூபோர்ட் பீச் தீயணைப்புத் துறையும் ஹோக் மருத்துவமனையும் சேர்ந்து அமைத்தது. ஒருவருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் செலவிடக் கூடாது. பார்த்தவுடன் ஒரு நிற அட்டை கட்ட வேண்டும்: சிவப்பை முதலில் எடுக்க வேண்டும், பிறகு மஞ்சள், அதன்பின் பச்சை; மூச்சில்லாதவருக்குக் கறுப்பு.

முதலில், ‘நடக்க முடிந்தவர்கள் இந்தப் பக்கம் வாருங்கள்’ என்று உரக்கச் சொல்ல வேண்டும். வருபவர்கள் பச்சை. கிடப்பவர்களில் முதலில் மூச்சைப் பார்க்க வேண்டும். மூச்சில்லை என்றால் தலையை நிமிர்த்தி மூச்சுப்பாதையைத் திறக்க வேண்டும். அப்போதும் வராவிட்டால் கறுப்பு, வந்துவிட்டால் சிவப்பு. மூச்சு நிமிடத்துக்கு 30க்கு மேல் ஓடினாலும் சிவப்பு. அடுத்து ரத்த ஓட்டம்: நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் 2 நொடிக்குள் சிவக்க வேண்டும். சிவக்காவிட்டால் சிவப்பு அட்டை. குளிரிலும் இருட்டிலும் நகம் ஏமாற்றும் என்பதால் இப்போது மணிக்கட்டு நாடியைத் தொட்டுப் பார்ப்பதே வழக்கம். நாடி தட்டுப்படாவிட்டால் சிவப்பு. கடைசியாக, ‘என் கையைப் பிடித்து அழுத்துங்கள்’ என்ற எளிய சொல்லைக் கேட்டுச் செய்யாதவர் சிவப்பு, செய்பவர் மஞ்சள்.

இதற்கிடையே செய்யலாகும் சிகிச்சை இரண்டே: மூச்சுப்பாதையைத் திறப்பது, பீறிடும் ரத்தத்தை நிறுத்துவது. இங்கேதான் பயிற்சியில் அதிகம் பிசகுகிறது. முதலில் பார்த்தவரிடமே உட்கார்ந்து கட்டுப்போடத் தொடங்கிவிடுவார்கள், பத்தடி தள்ளி மூச்சடைத்துக் கிடப்பவரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இன்னொன்று, கத்துகிறவரிடம் ஓடுவது. கத்த முடிந்தவருக்கு மூச்சு இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

ஆக, இங்கே தீர்மானிப்பது ‘யார் முறை முதலில்’ என்பது ஒன்றைத்தான். ‘என் முறை எப்போ வரும்?’ என்று வரிசையில் நிற்கும் எல்லோரும் கேட்கிறார்கள். வாய்க்காலில் தண்ணீர் விடுவதற்கும் முறை வைக்கிறோம். எனவே என் பரிந்துரை ‘முறைபிரிப்பு’, வினை ‘முறைபிரி’. ‘அவசரப் பிரிப்பு’ என்றும் யோசித்துப் பார்த்தேன். அவசர அவசரமாகப் பிரித்ததாகப் பொருள் வந்துவிடுகிறது.

•

மறுமடல்

மென்பொருள் தமிழாக்கப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கும் இதே சொல் வேண்டும். வழு (மென்பொருள் பிழை) அறிக்கைகள் குவியும்போது ஒருவர் உட்கார்ந்து, வழு மறுபடி நிகழ்கிறதா, முன்பே பதிவானதா, எந்தக் கூறைச் சேர்ந்தது என்று பார்த்து, தீவிரத்தையும் முன்னுரிமையையும் தனித்தனியே குறிக்கிறார். இந்த இரண்டும் வேறு வேறு. முகப்பில் நிறுவனத்தின் பெயரே பிழையாக இருந்தால் தீவிரம் குறைவு, முன்னுரிமை உச்சம். எனவே மொத்த வேலைக்கும் ‘முன்னுரிமை’ என்று பெயர் வைத்தால் எங்கள் பட்டியலில் முட்டும். ‘வகைப்படுத்தல்’, ‘வரிசைப்படுத்தல்’ இரண்டும் வேறு செயல்களுக்குப் போய்விட்டன.

‘முறைபிரிப்பு’ முட்டவில்லை. ஆனால் முறை என்றால் வழிமுறை என்றும் பொருள் உண்டே, மருத்துவர் ஐயா? ‘முறைபிரிப்பு முறை’ என்று எழுத நேர்ந்தால் வாசிப்பவர் தடுமாறுவார்.

•

மறுமடல்

அந்த ஐயம் சரியானது, தீர்வும் எளிது. ‘முறைபிரிப்பு முறை’ வரும் இடத்தில் ‘முறைபிரிப்பு நெறி’ என்று எழுதிவிடலாம். தனியே நிற்கும்போது ‘பிரி’ என்ற வினை பக்கத்திலேயே இருப்பதால் வழிமுறை என்ற பொருள் மேலெழாது. ‘முறைவைத்துப் பிரித்தார்’ என்று விரித்தாலும் பொருள் மாறவில்லை. ஒரு கூட்டுச்சொல் நிற்குமா என்பதற்கு நான் நம்பும் சோதனை இதுதான்.

இதைவிட முக்கியம், சொல்லின் குடும்பம். மருத்துவத்தில் பிழை இரண்டு பக்கமும் நேரும். கடுமையாக அடிபட்டவருக்கு இலேசான நிறம் கொடுப்பது ஒன்று, இலேசான காயக்காரரைச் சிவப்பாக்குவது மற்றொன்று. அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரியின் அளவுகோலில் முதல் பிழை 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. இரண்டாவது 25 முதல் 35 விழுக்காடு வரை பொறுத்துக்கொள்ளப்படுகிறது. முதலாவதில் உயிர் போகும், இரண்டாவதில் படுக்கையும் ஆள்பலமும் வீணாகும். ‘குறை முறைபிரிப்பு’, ‘மிகை முறைபிரிப்பு’ என்றால் ஏதோ வேலையைப் பாதியில் விட்டதுபோல இருக்கிறது. ‘இறக்கிப் பிரித்தல்’, ‘ஏற்றிப் பிரித்தல்’ என்றால் கேட்டவுடனே விளங்கும். சந்தேகம் வந்தால் ஏற்றிப் பிரி என்று பயிற்சியில் ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

பணியாளரை ‘முறைபிரி செவிலியர்’ என்றும், இடத்தை ‘முறைபிரி வாயில்’ என்றும் வினைத்தொகையாக எழுதலாம். இங்கு வல்லெழுத்து மிகாது.

•

மறுமடல்

எல்லோருக்கும் நன்றி. கையேட்டில் ‘முறைபிரிப்பு’ என்று மாற்றுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘ட்ரியாஜ் எனப்படும் முறைபிரிப்பு’ என்று இருக்கும். மருத்துவமனைகளில் அந்தச் சொல்லைக் காதால் கேட்டுப் பழகியவர்கள் அடையாளம் காண அது தேவை.

அட்டையைப் பற்றி ஒரு முடிவு மிச்சம். அதன் அடியில் நான்கு பட்டைகள் உண்டு: மேலிருந்து கறுப்பு, சிவப்பு, மஞ்சள், பச்சை. கிழித்தபின் கடைசியாக மிஞ்சும் பட்டையே அவருடைய நிறம். பச்சையில் இருந்தவரின் நிலை மோசமானால் பச்சையைக் கிழித்தால் மஞ்சளாகும். தேறினால் கிழித்ததை ஒட்ட முடியாது, புது அட்டைதான் கட்ட வேண்டும். இதற்கு ‘மறுபிரிப்பு’ என்றும், ‘தேறியவருக்குப் புது அட்டை’ என்றும் எழுதியிருக்கிறேன்.

கறுப்புப் பட்டையில் வரைவு ‘இறந்தவர்’ என்கிறது. அட்டை கட்டும் தன்னார்வலர் மரணத்தை உறுதிசெய்ய அதிகாரம் உள்ளவர் அல்லர். அவர் கண்டது, மூச்சுப்பாதையைத் திறந்தும் மூச்சு வரவில்லை என்பதை மட்டுமே. அதனால் ‘மூச்சில்லை’ என்று அச்சிடலாமா? மருத்துவர் ஐயா ஒப்பினால் இன்றே அச்சகத்துக்கு அனுப்பிவிடுகிறேன்.

•

மறுமடல்

ஒப்புகிறேன். சிவப்புப் பட்டையிலும் ‘ஆபத்தானவர்’ வேண்டாம், ‘உடனே’ போதும். மஞ்சளுக்குக் ‘காத்திருக்கலாம்’ என்று போடாதீர்கள், அதைப் படிக்கும் தூக்குபவர் மறந்தே விடுவார். ‘அடுத்து’ என்று போடுங்கள்.