நாலரை வயசுப் பொண்ணுக்கு ஓயாத மலச்சிக்கல், என் தூக்கமும் நிம்மதியும் போச்சு

குட்டியம்மா:

எல்லாருக்கும் வணக்கம். பொண்ணுக்கு நாலரை வயசு. டாய்லெட் பழக்க ஆரம்பிச்ச சமயத்துல ஒரு தடவை மலம் இறுகி, ஆசனவாயில வெடிப்பு விட்டு ரத்தம் வந்துச்சு. அப்ப வீடே அதிர அழுதா. அதுக்கப்புறம் வயித்துல லேசா கலக்கினாலே சோபாவுக்குப் பின்னாடி ஓடிடுவா. கால் ரெண்டையும் பின்னிக்கிட்டு, நுனிவிரல்ல எக்கி நின்னு, முகமெல்லாம் செவந்து, உடம்பு விறைச்சுக்கும். பார்க்கிறவங்க "பாவம், முக்குறா குழந்தை"ம்பாங்க. நாலஞ்சு நாளைக்கு ஒருக்கா போவா, அதுவும் டாய்லெட்டே அடைச்சுக்கிற அளவு பெருசா. இப்ப கொஞ்ச காலமா ஜட்டியில கொழகொழன்னு கறை வேற. கேட்டா "எனக்குத் தெரியவே இல்லம்மா"ங்கிறா.

டாக்டர் மலம் இளக்குற பவுடர் எழுதிக் கொடுத்திருக்கார். குடுத்தா போறா. ஆனா "பழகிடும், குடல் சோம்பேறியாயிடும், நிறுத்து"ன்னு வீட்டுப் பெரியவங்க பிடிவாதம். நிறுத்தினதும் பழைய கதைதான்.

நான் கேட்க வந்தது என்னைப் பத்தி. கண்ணு முழிச்சதும் முதல் நெனப்பே "இன்னைக்குப் போவாளா?"தான். ஆபீஸ்ல வேலை ஓடிட்டு இருக்கும்போதே வீட்டுக்கு மெசேஜ் போட்டு "போனாளா?"ன்னு கேக்குறேன். மாத்துத் துணி, ஈரத் துணி, பிளாஸ்டிக் பை இல்லாம வாசப்படி தாண்ட முடியல. அதனாலேயே யார் வீட்டுக்கும் போறதில்ல. ராத்திரி அவ தூங்கினப்புறம் அடிவயித்தைத் தடவிப் பார்க்காம எனக்குத் தூக்கம் வராது. "நீ காய், பழம் ஒழுங்கா குடுக்கறதில்ல"ன்னு ஆளாளுக்கு சொல்றாங்க. அவ நல்லாத்தான் சாப்பிடுறா! வெளிய சொன்னா "இதெல்லாம் ஒரு வியாதியா"ன்னு கேட்பாங்களோன்னு கூச்சம். இதைக் கடந்து வந்தவங்க யாராவது இருக்கீங்களா? உங்க மனசை எப்படிப் பாத்துக்கிட்டீங்க?

நீலவானம்:

தண்ணி நிறைய குடுங்க, நார்ச்சத்தைக் கூட்டுங்க சிஸ்டர். தானா சரியாயிடும்.

ரெட்டைச்சடை:

குட்டியம்மா, உங்க பதிவை வாசிச்சதும் நெஞ்சு கனத்துப் போச்சு. என் பையனுக்கு மூணு வயசுல ஆரம்பிச்சு, மருந்தை முழுசா நிறுத்தினப்ப ஏழு வயசு. அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

அந்த சோபா விஷயத்தை முதல்ல சொல்றேன். என் பையன் கதவு மூலையில நிப்பான், அச்சு அசலா இதே மாதிரி. அவ முக்கலைங்க, அடக்குறா. வெளிய வரப் பார்க்கிறதை இறுக்கிப் பிடிச்சு உள்ளே தள்ளுறா, வலிக்கும்னு பயந்து. அடக்க அடக்கப் பெருங்குடல் அதுல இருக்கிற தண்ணியை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். மலம் இன்னும் இறுகும், அடுத்த தடவை இன்னும் வலிக்கும், பயம் இன்னும் கூடும். மாசக்கணக்குல இப்படி ஓடினா மலக்குடல் விரிஞ்சு கொடுத்துடும். விரிஞ்ச குடலுக்கு நிறைஞ்சிருக்கிற உணர்வே மந்தமாயிடும். ஜட்டியில படுறது, அடைச்சிருக்கிற கட்டியைச் சுத்திக் கசியுற இளகின மலம். அவ "தெரியல"ன்னு சொல்றது சத்தியம். அதுக்காக அவளைத் திட்ட யாரையும் விடாதீங்க. பேதியாகுதுன்னு நெனைச்சு மருந்தை நிறுத்தவும் விடாதீங்க.

உங்க வளர்ப்புல குறை இருக்கிறதால வந்த வியாதி இது இல்லை. இதை உங்க வீட்டுப் பெரியவங்க காதுல விழுற மாதிரி டாக்டரையே சொல்லச் சொல்லுங்க. நான் மாமியாரை ஒரு தடவை கூடவே கூட்டிட்டுப் போனேன். டாக்டர் ஒரு தாள்ல குடலை வரைஞ்சு, எங்க அடைச்சிருக்கு, எங்க விரிஞ்சிருக்குன்னு காட்டினார். அன்னையிலிருந்து அவங்களே வேளை தவறாம பவுடர் கலக்க ஆரம்பிச்சுட்டாங்க. நான் வாய் வலிக்கச் சொன்னதை ஒரு படம் முடிச்சு வெச்சுது.

இனி உங்க மனசு. எனக்கும் ஆபீஸ்லருந்து "போனானா?" மெசேஜ்தான். வீட்டுல எல்லாரும் நாள் முழுக்க அதையே கேட்டுட்டு இருந்தா பிள்ளைக்கு அது பரீட்சை ஆயிடுது, நமக்கும் தலைக்குள்ள ஓயாது. அதனால கேள்வியை நிறுத்தி, ஃப்ரிட்ஜ் கதவுல ஒரு தாள் ஒட்டினோம். மருந்து குடிச்ச நேரம், உட்கார்ந்த நேரம், வந்தது எப்படி இருந்துச்சு, ஜட்டியில கறை உண்டா, அவ்வளவுதான். பார்த்தவங்க எழுதணும், தெரிஞ்சுக்கணும்னா போய்ப் படிச்சுக்கணும். டாக்டரைப் பார்க்கப் போகும்போது அந்தத் தாளே பாதி பேசிடும்.

அடுத்தது, நானும் வீட்டுக்காரரும் நாளைப் பிரிச்சுக்கிட்டோம். அவர் முறை வர்ற அன்னைக்கு மருந்து கலக்குறதுலருந்து ஜட்டி அலசுறவரை எல்லாம் அவரு. நான் பக்கத்துலயே போகமாட்டேன். ஆரம்பத்துல கை பரபரக்கும், மனசு கிடந்து அடிச்சுக்கும். போகப் போக அந்த நாள்கள்லதான் நான் பழையபடி புத்தகம் எடுத்தேன், தலைக்குக் குளிச்சேன், அக்காகிட்ட போன்ல வேற விஷயம் பேசினேன்.

இன்னொண்ணு. பையனைக் காட்டப் போன இடத்துல நானே வாய் விட்டுச் சொன்னேன், "டாக்டர், எனக்குத் தூக்கமில்ல, சும்மா சும்மா அழுகை வருது"ன்னு. அவர் அலட்சியமா விடல, கவுன்சலிங்குக்கு எழுதிக் கொடுத்தார். போனேன், உதவுச்சு. நீங்களும் சொல்லுங்க. அவ வைத்தியத்தைத் தூக்கிச் சுமக்கிறது நீங்க, நீங்க நல்லா இருக்கணும்.

வெள்ளைச்சீருடை:

குழந்தைகள் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். மேலே தோழி சொன்ன விளக்கம் சரி. மருந்து பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

குழந்தைகளின் மலச்சிக்கலில் பத்தில் ஒன்பதுக்கும் மேல், உடலில் வேறு நோய் எதுவும் இல்லாமல் வருவதுதான். ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தைகள் குடல்நோய் சங்கங்கள் 2014-இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலில் முதல் தேர்வு பாலிஎத்திலீன் கிளைகால் பவுடர். அது கிடைக்காவிட்டால் லாக்டுலோஸ். அந்தப் பவுடர் உடம்பில் சேர்வதில்லை என்றே சொல்லலாம். குடலுக்குள் தண்ணீரைப் பிடித்து வைத்து மலத்தை இளக்குகிறது. குடலைச் சோம்பேறியாக்காது.

அடைத்திருந்தால் முதலில் சில நாள் கூடுதல் அளவில் கொடுத்துக் காலி செய்ய வேண்டும். அந்த நாள்களில் கசிவு அதிகமாகும், பயப்படாதீர்கள். பிறகு தினசரி அளவு, குறைந்தது 2 மாதம். தொந்தரவு எல்லாம் நின்று ஒரு மாதமாவது ஆன பிறகே, அதுவும் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். விரிந்த மலக்குடல் பழைய நிலைக்குத் திரும்ப நாள் பிடிக்கும். பாதியில் நிறுத்துவதால்தான் பழைய கதை திரும்புகிறது. அளவை உங்கள் டாக்டர் எடை பார்த்துச் சொல்வார். நீலவானம் சொன்ன தண்ணீரும் நார்ச்சத்தும் வழக்கமான அளவில் வேண்டும்தான், ஆனால் அதைக் கூட்டுவதால் இந்தக் கட்டத்தில் பலன் இருக்காது.

சாப்பிட்ட பிறகு குடல் தானாக அசையும். அப்போது 5 முதல் 10 நிமிடம் உட்கார வையுங்கள். காலுக்கு ஸ்டூல், முட்டி இடுப்பைவிட உயரமாக. சோப்புக் குமிழி ஊதச் சொன்னால் வயிற்றுத் தசை தானாக வேலை செய்யும். உட்கார்ந்ததற்குப் பாராட்டுங்கள், வந்தாலும் வராவிட்டாலும்.

பிறந்த முதல் மாதத்திலேயே ஆரம்பித்தது, பிறந்து 48 மணி நேரம் கழித்தே முதல் மலம் போனது, எடை ஏறாதது, பச்சை வாந்தி, வயிறு உப்பிப்போவது, கால் பலவீனம், முதுகின் அடியில் குழி அல்லது முடிக்கற்றை: இவற்றில் எதுவும் இருந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்பா_குரல்:

ஜட்டி அலசுறதை நான் கையில எடுத்தப்பத்தான் என் மனைவி எதைச் சுமந்துட்டு இருந்தாங்கன்னு புரிஞ்சுது. உங்க வீட்டுக்காரரை இந்தப் பதிவை வாசிக்கச் சொல்லுங்கம்மா.

குட்டியம்மா:

அழுதுட்டேதான் வாசிச்சேன். அவர்கிட்டயும் காட்டிட்டேன். இந்த வாரமே மாமியாரோட டாக்டர்கிட்ட போறோம். ஒரே சந்தேகம், ஸ்கூல்ல எப்படிச் சமாளிக்கிறது? அங்க கேட்கப் பயந்து அடக்கிக்கிறா.

ரெட்டைச்சடை:

டீச்சர்கிட்ட தனியா பேசுங்க, மத்த பிள்ளைகள் முன்னாடி வேண்டாம். கேட்ட உடனே, எந்த நேரமானாலும் அனுப்பணும்னு டாக்டர்கிட்ட ஒரு கடிதம் வாங்கிக் குடுங்க. கை தூக்கிக் கேட்கக் கூச்சப்பட்டா, மேஜைமேல வைக்க ஒரு கலர் அட்டை போதும், டீச்சர் பார்த்ததும் தலையாட்டிடுவாங்க. மாத்து ஜட்டியும் ஈரத் துணியும் ஒரு பையில போட்டு டீச்சர் அலமாரியில இருக்கட்டும். டாக்டரைப் பார்த்துட்டு வந்து இங்க எழுதுங்க.