ஸ்கிரிப்ட் எழுதி இயக்கும் அலைவுகாட்டி: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,

எங்கள் ஆய்வகத்துக்கு ஒரு டிஜிட்டல் அலைவுகாட்டி (மின்னலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்) ஒரு வாரச் சோதனைக்கு வந்திருக்கிறது. மதிப்பீட்டு அறிக்கையையும் மாணவர் கையேட்டின் தமிழ்ப் பகுதியையும் வெள்ளிக்கிழமைக்குள் அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். கணினியில் பைத்தான் மொழியில் பத்து வரி நிரல் எழுதிவிட்டால் போதும், கருவி தானே அளவை மாற்றி, அலையைப் பிடித்து, எண்களைக் கோப்பில் சேர்த்துவிடுகிறது. இந்த 'ஸ்கிரிப்டபிள்' பண்புக்கு ஒரு சொல் வேண்டும்.

ஸ்பெக்ட்ரமுக்கும் வேண்டும். நான் 'நிறமாலை' என்றுதான் எழுதியிருந்தேன். கருவி தரும் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையை அதற்கே ஊட்டி, அலையை அதிர்வெண்களாகப் பிரித்துக் காட்டும் எஃப்எஃப்டி கணக்கில் பார்த்தோம். 1, 3, 5, 7 கிலோஹெர்ட்ஸ் என ஒற்றைப்படை இடங்களில் முட்கள் எழுந்தன. மூன்றாவது முதலாவதைவிட ஏறக்குறைய 9.5 டெசிபெல் தாழ்வு, கணக்குப்படியே. "எல்லா முள்ளும் மஞ்சள்தானே ஐயா, நிறமாலை எங்கே?" என்றாள் ஒரு மாணவி. என்னிடம் பதில் இல்லை.
— பாலிடெக்னிக் ஆசிரியர், கோவை

ஆசிரியருக்கு வணக்கம். சொல் இலக்கணத்திலேயே இருக்கிறது: ஏவல். நன்னூலார் நட, வா என்று தொடங்கி 23 ஏவல்களை அடுக்கியிருக்கிறார். உங்கள் கருவிக்குப் போகும் கட்டளைகளும் முன்னிலை ஏவல்கள்தானே? ஏவல் + அலைவுகாட்டி = ஏவலலைவுகாட்டி.
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

ஐயா, அதை மூன்று முறை வேகமாகச் சொல்லிப் பாருங்கள். மேலும், ஏவல் என்றவுடன் மாணவர்கள் ஆய்வகத்துக்கு எலுமிச்சம்பழத்தோடு வந்துவிடுவார்கள். 'நிரல்' ஊன்றிவிட்ட சொல். 'நிரலேற்பு அலைவுகாட்டி' என்றால் முடிந்தது. ஸ்பெக்ட்ரமுக்குப் பத்திரிகைகள் எழுதும் 'அலைக்கற்றை' இருக்கிறதே.
— மென்பொருள் மொழிபெயர்ப்பாளர், சென்னை

அலைக்கற்றை ஏலம் விடுவதற்கு உரியது. நாங்கள் செய்வது, ஓர் அலைக்குள் எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பது. 'அலைக்கற்றை ஆய்வு' என்று தலைப்பிட்டால் 2ஜி வழக்கு விசாரணை என்று நினைப்பார்கள்.
— கோவை

நாங்கள் அதிர்வெண்ணை மீடிறன் என்றும் ஸ்பெக்ட்ரத்தைத் திருசியம் என்றும் படித்தவர்கள். திருசியத்தில் நிறமே இல்லை, பார்வைதான் இருக்கிறது. லத்தீன் மூலத்துக்கும் பார்த்தல்தான் பொருள். உங்கள் மாணவியின் கேள்வி எங்கள் வகுப்பில் எழுந்திருக்காது.
— இயற்பியல் ஆசிரியர், யாழ்ப்பாணம்

திருசியம் வடசொல். ஏற்க இயலாது.
— தஞ்சாவூர்

அப்படியானால் 'எஃப்எஃப்டி' எந்தச் சங்கத்துச் சொல் ஐயா? இத்தனை மடலில் அதை ஒருவரும் தொடவில்லையே!
— யாழ்ப்பாணம்

நடுவில் ஒரு குறிப்பு. 'அலைவு' என்பதே எனக்கு உவப்பில்லை. ஆசிலோஸ்கோப்பின் வேர் லத்தீன் ஆசில்லம்: மரத்தில் கட்டித் தொங்கவிட்ட சிறு முகமூடி, காற்றில் ஆடுவது. ஆடுவதற்கு நம்மிடம் ஊசல் இருக்கிறது. சிலம்பில் ஊசல்வரியே பாடுகிறார்கள். 'ஊசல்காட்டி' எவ்வளவு அழகு!
— சொல்லாய்வில் ஆர்வமுள்ள வங்கி ஊழியர், மதுரை

ஊசல்காட்டி என்றால், சாம்பார் ஊசிப்போனதைக் கண்டுபிடிக்கும் கருவி என்று என் வீட்டில் நினைப்பார்கள். அதற்கும் ஒரு கருவி தேவைதான்.
— சென்னை

நண்பர்களே, இன்று புதன். கருவியைப் பற்றிய என் கவலையே வேறு. இது 8 பிட், அதாவது அலையின் உயரத்தை 256 படிகளில்தான் அளக்கும். ஒரே பிடிப்பில் சுமார் 50 டெசிபெலுக்குக் கீழே இருப்பவை இரைச்சலில் அமிழ்ந்துவிடுகின்றன. பல பிடிப்புகளின் சராசரி எடுத்தால் கொஞ்சம் மேலே வருகின்றன. அதற்குத்தான் ஸ்கிரிப்ட். நேற்று 50 பிடிப்புகளை எடுக்கவைத்துவிட்டு நான் தேநீர் குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது 2 கிலோஹெர்ட்ஸில் ஒரு சின்ன முள் தலைநீட்டியிருந்தது. சதுர அலையின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் நேர அளவில் இம்மியளவு சமமில்லை என்பதற்கு அது அடையாளம். இதைக் கையேட்டில் எழுத வேண்டும். எழுதினால், எஃப்எஃப்டிக்கு முன் அலைத்துண்டின் இரு ஓரங்களையும் தணிக்கும் 'விண்டோ'வுக்கு ஒரு சொல் வேண்டும். 'சாளரம்' என்று எழுதிக்கொண்டேன், உங்களிடம் கேட்கப்போவதில்லை.
— கோவை

சாளரம் வேண்டாம், 'பலகணி'...
— மதுரை

முடிவாக: 'நிரல்வழி இயங்கும் அலைவுகாட்டி' என்பதற்கு நான்கு பேர். 'நிரலேற்பு' கேட்க நன்றாக இருந்தாலும், நிரலைக் கருவிக்குள் ஏற்றிவைப்பது போல ஒலிக்கிறது. நிரல் இருப்பதோ கணினியில். ஸ்பெக்ட்ரமுக்கு 'அதிர்வெண்மாலை', நிறத்தை எடுத்துவிட்டு மாலையை வைத்துக்கொண்டேன். அடிக்குறிப்பில் திருசியமும் உண்டு. கோப்பை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். கருவியையும் வாங்கலாம் என்று எழுதிவிட்டேன்.
— கோவை

'இயங்கும்' தன்வினை. கருவி தானாக இயங்கவில்லை. நிரல் அதை இயக்குகிறது, நிரலை நீங்கள் ஏவுகிறீர்கள். சுற்றி வந்தாலும் ஏவலில்தான் நிற்கிறோம். அச்சகத்தின் தொலைபேசி எண் இருந்தால் அனுப்பவும்.
— தஞ்சாவூர்